திருவக்கரையில் கிடந்த மரம்

எங்கள் தெருவில் மரம் என்றால் கடலுக்குப் போவது. இலை விட்டு நிற்பதை யாரும் மரம் என்று சொல்லமாட்டார்கள். அதற்குப் பூவரசு, வேம்பு, தென்னை என்று தனித்தனியே பெயர் இருக்கிறது, அந்தப் பெயரே போதும். "மரம் வந்துடுச்சா?" என்று யாராவது கேட்டால் அப்பா கரை சேர்ந்துவிட்டாரா என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் 'மரம் நிழல் தரும்' என்று டீச்சர் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்து, அந்த மணி நேரம் முழுக்க முட்டி போட்டிருந்தேன். மரம் எங்கேயாவது நிழல் தருமா? மரம் மீன் தரும்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது எங்கள் மரம் உடைந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு புதுச்சேரியை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகியிருக்கும். புயலில் விழுந்த பழைய கடல் பாலத்தின் இரும்புத் தூண்கள் தண்ணீரில் துருப்பிடித்து நின்றன. ஒரு நாள் விடியற்காலையில் தனியாகப் போன அப்பாவை, திரும்பும்போது அலை தூக்கி அந்தத் தூண் ஒன்றின்மேல் அடித்தது. மூன்று கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய மரம் அது. நடுக்கட்டை பிளந்து, கட்டு அவிழ்ந்து, ஓரக்கட்டை ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அப்பா உச்சிவெயில் வரை மிதந்தார். அதுவரை அம்மா கரையில் நின்றாள். மீன் கூடை இடுப்பிலேயே இருந்தது. நான் போய்க் கூப்பிட்டதற்கு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவைத் தூக்கி வந்து மணலில் கிடத்திய பிறகுதான் கூடையைக் கீழே வைத்தாள்.

ஓரக்கட்டைகள் இரண்டும் கரைக்கு வந்துவிட்டன. நடுக்கட்டை போனது போனதுதான். அதற்கு ஏற்ற லேசான மரம் மேற்கே மலைப்பக்கத்திலிருந்து வரவேண்டும். அதை வாங்குகிற நிலையில் நாங்கள் இல்லை. "அதுவரைக்கும் வேற யாரு மரத்துலயாவது போயேன்யா" என்று தெருவில் சொல்லாத ஆள் இல்லை. அப்பா ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "அடுத்தவன் மரத்துல கால வைக்க மாட்டேன்." சொல்லிவிட்டு இரண்டு ஓரக்கட்டைகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருப்பார். வெற்றிடத்துக்குக் காவல் இருந்த மனிதரை நான் அப்போதுதான் பார்த்தேன்.

அம்மாவுக்கு வேறு கணக்கு. அவள் தம்பி, என் தாய்மாமன், நூல் ஆலையில் தறிக்கூடத்தில் வேலை செய்தார். ஆலைக்குக் கூரை இருக்கிறது, சங்கு ஊதினால் ஆள் வீட்டுக்கு வந்துவிடும். அம்மாவுக்கு அது போதும். மாமாவும் மேஸ்திரியிடம் சொல்லி வைத்திருந்தார். அப்பாதான் அசையவில்லை.

இப்படி இழுபறியாக இருந்தபோதுதான் மாமா அந்தச் செய்தியோடு ஓடி வந்தார். தறிக்கூடத்தின் இரைச்சலில் காது உதவாது. ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். தன்னைப் போல் உதடு படிக்க ஆலையிலேயே ஆள் கிடையாது என்று மாமாவுக்கு ஒரு நினைப்பு. திருவக்கரைப் பக்கத்து ஆள் ஒருவர் அடுத்த தறியில் இருந்தாராம். அவர் சொன்னதை மாமா அப்பாவிடம் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்.

"மாமா, அவுங்க ஊர்ல கட்டுமரம் கெடக்குதாம்! ஒண்ணு ரெண்டு இல்ல, நூத்துக்கணக்குல. ஒவ்வொண்ணும் இம்மாம் பெருசு. யாரும் தொடறதில்லியாம், சும்மா கெடக்குதாம்!"

திருவக்கரை கடலோரமா? இல்லை. நிலத்துக்குள்ளே, வண்டியில் ஒரு பகல் தூரம். அங்கே கட்டுமரத்துக்கு என்ன வேலை என்று வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் கேட்டிருப்பான். அப்பா கேட்கவில்லை. ஏனென்றால் பதில் அவரிடமே இருந்தது. எங்கள் ஊருக்கும் இந்தியாவுக்கும் நடுவே சுங்கச்சாவடி இருந்த காலம் எங்களுக்கு மறக்கவில்லை. ஒரு படி அரிசி, ஒரு புட்டி எண்ணெய்கூட எல்லை தாண்டிவரத் தவித்த நாட்கள் உண்டு.

"எவனோ மர வியாபாரி மலையிலேருந்து கொண்டாந்திருக்கான். கெடுபிடில எல்லைக்குள்ள வுட்டிருக்க மாட்டாங்க. போட்டுட்டுப் போய்ட்டான்" என்றார் அப்பா. ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் எழுந்து நின்று பேசினார்.

மாமா தலையை ஆட்டினார். எனக்கும் அது அப்பட்டமான உண்மையாகவே பட்டது. அம்மா மட்டும் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்தேன்.

"சரி, போய்ப் பாருங்க. ஆனா ஒரு பேச்சு. மரம் கெடச்சா நீ கடலுக்குப் போ, நான் வாயத் தொறக்க மாட்டேன். கெடைக்கலன்னா திங்கக்கெழம காத்தால தம்பிகூட ஆலைக்குப் போவணும். என்னா?"

"சரி" என்றார் அப்பா.

"நானும் வரேன். மரம் கெடைக்கலன்னாலும் கெடச்சுதுன்னு வந்து சொல்லுவீங்க ரெண்டு பேரும்."

அப்படித்தான் நாங்கள் நால்வரும் ஒரு சனிக்கிழமை விடியலில் மாட்டுவண்டியில் ஏறினோம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திருவக்கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த வண்டிக்காரர், மாமாவுக்குத் தெரிந்தவர். அப்பா ஒரு சுருள் வடமும் கோடாலியும் எடுத்துக்கொண்டார். அம்மா கருவாட்டுக் குழம்பும் சோறும் கட்டிக்கொண்டாள். எனக்குக் காய்ச்சல் என்று அன்றைய அரைநாள் பள்ளியில் சொல்லும்படி பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லியாகிவிட்டது. காய்ச்சல்காரி வண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டு போனேன்.

ரெட்டியார்பாளையம் தாண்டும்போது அம்மா முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். அவள் மீன் விற்கிற தெருக்கள் அவை. வழியெல்லாம் அப்பா கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். எவ்வளவு நீளம்? பட்டை உரித்ததா? வெயிலில் வெடித்திருக்குமா? மாமா எல்லாவற்றுக்கும் நேரில் பார்த்தவர்போலப் பதில் சொன்னார். வண்டிக்காரர் மாட்டிடம் பேசுவதோடு சரி, எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் பாதி வழியிலேயே கதை முடிந்திருக்கும்.

இரவு திருவக்கரைக் காளி கோயில் மண்டபத்தில் படுத்தோம். காலையில் வண்டிக்காரர் வழி காட்டிவிட்டுப் போனார். செம்மண் மேடு, முள்ளுப்புதர், அங்கங்கே பனை. வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. மேட்டின்மேல் ஏறியதும் மாமா கத்தினார்.

"அதோ! நான் சொன்னனா இல்லியா!"

கிடந்தன. உண்மையாகவே கிடந்தன. செம்மண் சரிவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய பெரிய அடிமரங்கள். சில பாதி மண்ணுக்குள். சில முழுதாக வெளியே. கிளை கழித்துப் போட்டதுபோல் உருண்டையாக, நீளமாக. மரக்கடையில் கட்டைகளைப் பார்த்திருக்கிறேன். இந்த அளவில், இத்தனை, ஒரே இடத்தில் பார்த்ததில்லை. தெருவுக்கே மரம் கட்டலாம், எல்லோருக்கும் ஒன்று என்று நினைத்தேன். அப்பா ஓடவில்லை. மெதுவாக நடந்தார். நீண்ட நாள் கழித்து வந்த சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறவர்போல வேட்டியைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

ஓடியது மாமாதான். ஓடிய வேகத்தில் முதல் கட்டையை உரிமையோடு ஓர் உதை உதைத்தார். உடனே பாதத்தைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்தார்.

"ஐயோ! கல்லு!"

அப்பா குனிந்து விரல் முட்டியால் தட்டினார். நல்ல மரம் ஒரு குரல் கொடுக்கும், அதை வைத்தே உள்ளே ஈரமா உலர்ந்ததா என்று சொல்லிவிடுவார். இது ஒன்றும் சொல்லவில்லை. கோடாலியின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டினார். கணீரென்றது. அடுத்த கட்டைக்குப் போனார், அதுவும் கல். அதற்கடுத்தது. ஏழெட்டுக் கட்டைகளைத் தட்டிவிட்டுக் கோடாலியை மண்ணில் வைத்தார். கல்மரம். அடுத்த தறிக்காரர் சொன்னது கல்மரம். மாமாவின் உதட்டுப் படிப்பு அதைக் கட்டுமரமாக்கிவிட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. திங்கட்கிழமை சங்கு ஊதும், அப்பா சட்டை போட்டுக்கொண்டு ஆலைக் கதவுக்குள் போவார், கடல் அவ்வளவுதான் என்பது எனக்கும் புரிந்தது. மாமா நொண்டிக்கொண்டே வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருடா மச்சான். இங்க வந்து பாரு."

அவர் குரலில் ஏமாற்றம் இல்லை. அதுதான் எனக்கு முதலில் விளங்காமல் போனது. மண்டியிட்டு, கட்டையின் வெட்டுமுகத்தில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் போய்க் குனிந்தேன். வளையம் வளையமாகக் கோடுகள். பலாப்பழ நிறத்தில் சில, செம்மண் நிறத்தில் சில. ஒரு இடத்தில் கிளை முளைத்த முடிச்சு, அதைச் சுற்றிக்கொண்டு போகும் ரேகை. பக்கவாட்டில் நார் நாராக ஓடும் வரி. நகத்தால் பிய்த்தால் சிம்பு வந்துவிடும்போல் இருந்தது. நகம் வைத்தேன், சில்லென்று கல் தட்டுப்பட்டது. என் கண் மரம் என்றது, விரல் கல் என்றது. இரண்டில் எதை நம்புவது என்று தெரியாமல் விழித்தேன். அந்தத் திகைப்பு இத்தனை வயதுக்குப் பிறகும் என் விரல் நுனியில் இருக்கிறது.

ஆடு மேய்த்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். எங்களைப் பார்த்து, "என்னா பாக்கறீங்க? எலும்பா?" என்றாள். காளியம்மன் கொன்ற அசுரனின் எலும்பு இது என்று ஊரில் சொல்வார்களாம். அவள் அதைக் குழாயடிச் செய்திபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"எலும்பு இல்லம்மா. மரம்" என்றார் அப்பா. "வேரு இருக்குதா பாரு. இல்ல. கெள இருக்குதா? முடிச்சுதான் இருக்குது, கெள இல்ல. பட்டையும் இல்ல. இங்க மொளச்சதா இருந்தா எல்லாம் பக்கத்துலயே கெடக்கும். இது எங்கியோ மொளச்சு, விழுந்து, தண்ணில உருண்டு உருண்டு வந்திருக்குது. தண்ணி தேச்ச கட்டய எனக்குத் தெரியாதா?"

பிறகு கட்டையின்மேல் உள்ளங்கையை வைத்தபடி சொன்னார்: "இது மிதந்துச்சும்மா."

முழங்கால் வரை செம்மண் ஒட்டியிருக்க, கடல் கண்ணுக்கே தெரியாத மேட்டில் நின்றுகொண்டு, அந்தக் கல் கூட்டம் கூட்டமாக மிதந்து வருவதை நான் பார்த்தேன். எத்தனை பெரிய வெள்ளம், எத்தனை பெரிய காடு, யாருமே பார்க்காமல். மனுஷர் பிறப்பதற்குக் கோடிக்கணக்கான வருஷம் முன்பு என்று பிற்பாடு படித்தேன். வெகு வருஷங்கள் கழித்து, படித்தவர்கள் எழுதிய ஒரு புத்தகத்திலும் அப்பா சொன்னது இருந்தது: வேரில்லை, கிளையில்லை, ஆகவே வெள்ளம் கொண்டுவந்த மரங்கள். அவர்களுக்கு எத்தனை நாள் ஆனதோ, அப்பாவுக்கு அரை மணி நேரம் ஆனது.

அதன் பிறகு அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. இருப்பதிலேயே நீளமான கட்டையைத் தேடிப் பிடித்து அளந்தார். நாங்கள் கடலில் ஆழம் அளப்பது பாகத்தில். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். அவர் கட்டையின்மேல் கவிழ்ந்து படுத்துக் கையை விரித்தார், நான் நுனியில் விரலை வைத்தேன், அங்கிருந்து மறுபடி படுத்தார். பதினாறு பாகம். மண்ணுக்குள் இன்னும் போகிறது. "பதினாறு!" என்று எழுந்து நின்று கத்தினார். மார்பெல்லாம் செம்மண். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு அதன்மேலேயே ஏறி, மரத்தில் உட்காருவதுபோல் காலை மடக்கிக் கிழக்கே பார்த்து உட்கார்ந்துகொண்டார். என்னையும் தூக்கி முன்னால் உட்கார வைத்தார். வெயில் உச்சிக்கு வந்தும் இறங்கவில்லை.

அம்மா அதுவரை தள்ளியே நின்றிருந்தாள். இப்போது பக்கத்தில் வந்து, கட்டையை ஒரு விரலால் தொட்டாள். பிறகு முழுக் கையாலும் தடவினாள்.

"கல்லுன்னுதான சொன்னாங்க அந்தம்மா" என்று தனக்குள் முணுமுணுப்பதுபோல் சொன்னாள். "இது மரமாட்டம்ல இருக்குது."

அப்பா மேலேயிருந்து அவளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அம்மாவுக்கே அப்போதுதான் உறைத்தது.

"எந்தம்மா?" என்றார் அப்பா.

அம்மாவுக்குப் பொய் வராது. ரெட்டியார்பாளையத்தில் ஒரு சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை நாங்கள் சொல்தா என்போம். அந்த வீட்டு அம்மாவுக்குத் திருவக்கரைதான் பிறந்த ஊர். மீன் வாங்கும்போதெல்லாம் ஊர்க்கதை சொல்லுவாளாம், கல்மரக் கதையும் அதில் ஒன்று.

"அப்ப தெரிஞ்சேதான் பேச்சு வாங்கின."

"தெரிஞ்சேதான்." அம்மா கையைக் கட்டையிலிருந்து எடுக்கவில்லை. "அன்னைக்கு மதியம் வரைக்கும் கரையில நின்னது நீ இல்ல. நானு."

மாமா தன் கால் கட்டை விரலை அக்கறையாக ஆராய ஆரம்பித்தார். ஆடு மேய்க்கும் பெண் நகர்ந்துவிட்டாள். அப்பா கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அம்மாவின்மேல் எனக்கே அவ்வளவு கோபம் இருந்தது.

"சரி" என்றார் கடைசியில். "பேச்சுன்னா பேச்சு. நாளைக்கு ஆலைக்குப் போறேன்." என்னை இறக்கிவிட்டுத் தானும் இறங்கினார். இறங்கிய பிறகும் ஒரு கை கல்லின்மேலேயே இருந்தது. மாமா நினைவுக்கென்று ஒரு கல் துண்டை எடுத்து மடியில் கட்டப் போனார். "வையிடா அத. எங்கேருந்தோ இவ்ளோ தூரம் வந்து படுத்திருக்குது" என்றாள் அம்மா. மாமா வைத்துவிட்டார்.

ரோட்டுக்கு நடந்து வந்து பஸ் பிடித்து, ஞாயிறு மாலையே வீடு வந்துவிட்டோம். எடுத்துப்போன வடம் கட்டவிழாமல் மூலைக்குப் போனது. வந்ததும் வராததுமாக அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வர நேரமானது. குடத்தில் தண்ணீர் அரைக்குடம்தான் இருந்தது. நான் அவளோடு பேசவில்லை.

திங்கட்கிழமை வெளுக்கும் முன்பே அப்பா எழுந்து மாமாவின் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டார். தோள் இறுக்கி, பொத்தான் போட முடியவில்லை. தலையை வாரிக்கொண்டு, தூக்குப் பாத்திரத்துக்காகக் கதவோரம் நின்றார். அம்மா உள்ளேயிருந்து வந்தாள். அவள் கையில் பாத்திரம் இல்லை, துடுப்பு இருந்தது.

"எங்க கெளம்பிட்ட?"

"ஆலைக்கு. நீதான..."

"மரம் கெடச்சா கடலுன்னுதான பேச்சு? கெடச்சுதுல்ல."

"அது கல்லு."

"மரம்னு நீதான சொன்ன. மிதந்துச்சுன்னு சொன்ன. ஊர்க்காரி எலும்புன்னப்பகூட நீ ஒத்துக்கல." துடுப்பை அவர் கையில் திணித்தாள். "எதிர்வூட்டுக்காரரு மரத்துல ஒரு ஆளு கொறையுதாம். நேத்தே சொல்லிட்டேன். அங்க நிக்கறாரு, போ."

அப்பா துடுப்பைப் பார்த்தார். பழைய பிடிவாதம் முகத்தில் ஏறுவதைக் கண்டேன். "அடுத்தவன் மரத்துல..." என்று ஆரம்பித்தார்.

"அங்க கெடந்தது மட்டும் உன் மரமா?" என்றாள் அம்மா. "ஏறி உக்காந்துக்கினு எறங்க மனசில்லாம இருந்தியே."

அப்பா சட்டையைத் தலை வழியாகக் கழற்றி என் கையில் கொடுத்தார். துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு இருட்டில் இறங்கிக் கடலைப் பார்த்து நடந்தார். ஆலைச் சங்கு ஊதியபோது எதிர்வீட்டு மரம் அலையைத் தாண்டிவிட்டிருந்தது.

நான் பள்ளிக்கூடம் போகும்போது அம்மா கரையில் நின்றுகொண்டிருந்தாள். மதியம் சாப்பிட வந்தபோதும் அங்கேயேதான் நின்றாள். மீன் கூடை இடுப்பிலேயே இருந்தது. அருகே போய் நானும் நின்றேன்.